வீழ்ந்தவரைத் தூக்குதல்: உதவியும் அறிவும் பற்றி ஓர் ஒழுக்கவியல் நோக்கு

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு உச்சநிலையை எய்தியிருந்த வேளை, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பகுதியில் மண்ணெண்ணெய்க்காக நீண்டு கிடந்த வரிசையொன்றில் நானும் ஒருவனாக நின்றேன். கடற்றொழிலாளர், எரிவாயு கிடையாமையால் மண்ணெண்ணெய் அடுப்பை நாடியோர், மீன் விற்கும் பெண்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் எனப் பலதிறத்தாரும் தத்தம் கான்களைக் காலருகே வைத்துக்கொண்டு விடியற்காலை தொட்டு நின்றனர். பதினொரு மணியளவில், எனக்கு ஏழெட்டுப் பேருக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவரின் முகம் வெளிறியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. பற்றிக்கொள்ள எதையோ தேடுபவர்போல ஒரு கையை நீட்டினார். அடுத்த கணம் சரிந்து வீழ்ந்தார்.

பின்னர் நிகழ்ந்தவை யாவும் மிக விரைவாக நிகழ்ந்தன. ஐந்தாறு பேர் பாய்ந்து சென்று அவரைக் கக்கங்களிற் பிடித்துத் தூக்கினர். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்ரிக் கதிரை வந்தது. அதில் அவரை இருத்தி, தொங்கிய தலையை ஒருவர் நிமிர்த்திப் பிடித்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். ஓர் இளைஞர் அருகிலுள்ள கடையிற் சோடா வாங்கிவந்து அவருடைய வாயிற் பருக்க முயன்றார். முதியவரின் கைகள் இலேசாக வெட்டுவதைக் கண்ட வேறொருவர், "வலிப்பு, வலிப்பு" என்று கூவியபடி தமது திறப்புக் கோர்வையை அவருடைய உள்ளங்கையிற் பொதித்தார். இவர்களுள் எவரும் தம் வரிசையிடம் பறிபோகுமே என்று ஒரு கணமும் எண்ணினாரல்லர். நாட்டின் ஒழுங்குகள் யாவும் குலைந்துகொண்டிருந்த ஒரு காலத்தில் அது கண்டு மகிழத்தக்க காட்சியே. ஆனால் கதிரையில் இருத்தப்பட்ட முதியவரின் முகமோ தெளியவில்லை; சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது.

அப்பொழுது வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து மீன் விற்கும் பெண்ணொருத்தி வந்தார். "கதிரையில வைக்காதேங்கோ. ஐயாவைக் கீழ படுக்க விடுங்கோ. காலை உயர்த்திப் பிடியுங்கோ. சோடாவைக் கொண்டுபோங்கோ அங்கால" என்றார். குரலில் இருந்த உறுதியினாற் போலும், எல்லோரும் பணிந்தனர். நிலத்திற் கிடத்திக் கால்களை உயர்த்திய ஒரு நிமிடத்துக்குள் முதியவர் கண் விழித்தார். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், தாம் தங்கியிருந்த முகாமில் நடந்த முதலுதவி வகுப்பொன்றில் இதனைக் கற்றதாக அப்பெண் பின்னர் கூறினார்.

அன்றிலிருந்து என்னை விட்டு நீங்காத வினா ஒன்றுண்டு. அம்முதியவரைத் தூக்கி இருத்தியவர்கள் செய்தது நற்செயலா? அவர்கள் எண்ணம் நல்லதென்பதில் ஐயமில்லை. அவர்கள் செயல் அவருக்குத் தீங்காய் முடியவிருந்தது என்பதிலும் ஐயமில்லை. எண்ணத்தைக் கொண்டு செயலை மதிப்பதா, விளைவைக் கொண்டு மதிப்பதா என்பது மெய்யியல் வகுப்பறைகளிற் பழகிப் புளித்துப்போன விவாதம். ஆயினும், மயங்கி வீழ்ந்த ஒருவரின் முன்னிலையில் அவ்வினாவை எழுப்புமிடத்து, அது வேறொரு முகத்தைக் காட்டுகின்றது என்பதே எனது துணிபு.

முதற்கண், மயக்கம் என்பது உடலில் யாது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். நெடுநேரம் அசையாது நிற்கும் ஒருவருடைய குருதியில் அரை லீற்றருக்கு மேற்பட்ட பகுதி, புவியீர்ப்பினாற் கால்களிலும் வயிற்றிலும் உள்ள நாளங்களிற் சென்று தேங்குகின்றது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி அதனை மேலே தள்ளும்; நின்ற நிலையில் அத்தொழில் நடைபெறுவதில்லை. வெப்பத்தில் தோலின் குருதிக்குழாய்கள் விரிந்துவிடுவதால் இதயத்துக்கு மீளும் குருதி மேலும் குறைகின்றது. பசியும் தாகமும் துணைசேர்ந்தால், உடல் சமநிலையைக் காக்க முயன்று தோற்கும் ஒரு கட்டம் வருகின்றது. இதயத் துடிப்பு தாழ்கின்றது, குருதியமுக்கம் வீழ்கின்றது, மூளைக்குச் செல்லும் குருதி ஆறு முதல் பத்துச் செக்கன் வரை தடைப்பட்டாலே உணர்வு நீங்கிவிடும். பாடசாலைக் காலைக்கூட்டத்திலே வெயிலில் நின்ற மாணவி சாய்வதும், அணிவகுப்பில் விறைத்து நின்ற கடற்படைப் பயிலுநர் வீழ்வதும், கன்னியா வெந்நீரூற்றுகளில் வெந்நீரை வார்த்துக் குளித்துவிட்டுச் சடுதியாக நிமிர்ந்தவருக்குத் தலைசுற்றுவதும் இவ்வொரே காரணத்தின் வெவ்வேறு தோற்றங்களாம்.

இங்கே சிந்தனைக்குரிய செய்தி யாதெனில், வீழ்தல்தான் இந்நோயின் முதல் மருந்து. நின்றிருந்த உடல் நிலத்திற் படிந்தவுடன் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. புவியீர்ப்போடு போராட வேண்டிய தேவை இதயத்துக்கு இல்லாது போகின்றது. குருதி தானாகவே மூளையை அடைகின்றது. வீழ்ச்சியினால் அடிபடும் அபாயம் ஒருபுறமிருக்க, அவ்வீழ்ச்சி உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் முதலுதவி எனலாம். ஆதலின், அருகில் நிற்பவர் செய்ய வேண்டியது மிகச் சொற்பமே. அவர் மூச்சு விடுகின்றாரா என்று நோக்குதல். மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்றே உயர்த்துதல். கழுத்தையும் இடுப்பையும் இறுக்கும் உடையைத் தளர்த்துதல். சூழ்ந்து நிற்பவர்களை விலக்கிக் காற்றுக்கு வழிவிடுதல். வாந்தி எடுப்பாராயின் ஒரு பக்கமாகத் திருப்புதல். கருவுற்ற பெண்ணாயின் இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துதல். முற்றாகத் தெளிந்து தாமே விழுங்கக்கூடிய நிலை வரும்வரை வாயில் எதனையும் ஊற்றலாகாது. உணர்வற்றவரின் தொண்டைக்குள் ஊற்றிய நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நிமிர்த்தி வைத்திருந்தாலோ மூளைக்குக் குருதி கிடையாத நேரம் நீள்கின்றது. கைகால்கள் வெட்டுவதும் அதனாலேயே. எமது வரிசையில் 'வலிப்பு' எனப்பட்டதைக் கதிரையே உண்டாக்கியிருத்தல் கூடும். உண்மையான வலிப்பே ஆயினும், கையிற் பொதிக்கும் இரும்பினால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு.

இத்துணை எளிய உண்மைக்கு மாறாக, வீழ்ந்தவரை உடனே தூக்க வேண்டும் என்ற உந்துதல் நம்மிடையே எங்ஙனம் வேரூன்றியது? நம் மொழியிலும் நம் மனத்திலும் வீழ்ச்சி ஓர் இழிவு. வீழ்ந்த குடி, வீழ்ந்த அரசு, வீழ்ந்தவன் என்றெல்லாம் பேசும் நாம், ஒருவர் நிலத்திற் கிடப்பதைக் காணச் சகியோம். அவரைக் கதிரையில் இருத்தும்போது அவருடைய மதிப்பை மீட்டுவிட்டதாக உணர்கின்றோம். உண்மையில் நாம் தணிப்பது எமது சங்கடத்தையே. உணர்வற்றுக் கிடப்பவருக்கு அக்கணத்தில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை. அவை இரண்டும் பார்த்து நிற்பவர்களிடம் உள்ளவை. தமிழில் மயக்கம் என்ற சொல் உணர்விழப்பை மாத்திரமன்றி, ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் அறிவுத் திரிபையும் குறிப்பது ஈண்டு நினைவுக்கு வருகின்றது. அன்று அவ்வரிசையில் மயங்கியவர் ஒருவர் மாத்திரமா என்று கேட்கத் தோன்றுகின்றது.

எனது தேவையை நிறைவுசெய்யும் செயலை மற்றவருக்குச் செய்யும் உதவியாக நான் எண்ணிக்கொள்வது சிறிய பிழையன்று. பெரும்பாலான உதவிகளில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதால் வேறுபாடு புலப்படுவதில்லை. பசித்தவனுக்குச் சோறிட்டால் அவன் பசியும் தீர்கின்றது, என் மனமும் நிறைகின்றது. மயங்கியவரிடத்திலேயே அவை பிரிந்து நிற்கின்றன. என் மனம் எதையாவது செய் என்கின்றது. அவர் உடலோ என்னைக் கிடக்க விடு என்கின்றது. பிறர்நலம் நாடுவதாகச் சொல்லிக்கொள்ளும் எவரும் தம்மைச் சோதித்துப் பார்க்க இதனினும் தெளிவான களம் கிடைத்தல் அரிது.

நல்லெண்ணமே போதும் என்று கருதுவோர் பெரும்பாலும் காண்டைத் துணைக்கழைப்பர். ஒழுக்கவியலின் அடிப்படை பற்றி அவர் 1785 இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, எதனையும் சாதிக்க இயலாது போயினும் நல்விருப்பு தன்னொளியால் மணிபோல் ஒளிரும் என்ற கருத்து இடம்பெறுகின்றது. ஆனால் அதே இடத்தில் அவர் இட்ட நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. நல்விருப்பு என்பது வெறும் ஆசையன்று. எமது ஆற்றலுக்கு உட்பட்ட சாதனங்கள் யாவற்றையும் திரட்டிக்கொள்ளும் முயற்சியே அது என்று அவர் வரையறுக்கின்றார். இந்நிபந்தனையை ஏற்போமாயின், அறிவு நல்விருப்புக்குப் புறம்பான ஒன்றாக இருத்தல் இயலாது. சில மணி நேரத்திற் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை, கற்க வாய்ப்பிருந்தும் கல்லாது விட்டு, பின்னர் ஒருவர் வீழ்ந்து கிடக்கும்போது 'நான் நல்லதைத்தானே நினைத்தேன்' என்பவரின் நல்விருப்பில் ஏதோ குறைகின்றது. அவருடைய குற்றம் அந்த அரை நிமிடத்தில் நிகழ்ந்ததன்று. அதற்கு முந்திய பல ஆண்டுகளில் நிகழ்ந்தது. அறியாமையினாற் செய்த பிழைக்கு இரங்கலாம், ஆயின் அறியாமைக்கே ஒருவன் பொறுப்பாளியாயின் இரக்கத்துக்கு இடமில்லை என்ற அரிஸ்ரோட்டிலின் நோக்கும் இதனோடு ஒக்கும்.

எமது நாட்டுப் பௌத்த மரபிலும் இக்கருத்துக்கு அரணாக ஓர் அரிய பகுதி உண்டு. விநய பிடகத்தின் மகாவக்கத்தில், வயிற்றுநோயுற்றுத் தன் கழிவிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் தம் கையாலேயே கழுவித் தூக்கிப் படுக்கையிற் கிடத்திய வரலாறு கூறப்படுகின்றது. நோயுற்றவரைப் பேணுவோர் தம்மைப் பேணுவது போன்றாகும் என்ற புத்தரின் கூற்று பலரும் அறிந்தது. அதனை அடுத்துப் பேணுவோனுக்கு வேண்டிய ஐந்து தகுதிகள் வகுக்கப்படுதலைப் பலர் அறியார். மருந்து ஆயத்தஞ்செய்யும் ஆற்றலும், நோயாளிக்கு ஏற்றது எது ஏலாதது எது என அறிதலும் அவற்றுள் முதலில் நிற்கின்றன. அன்புள்ளம் அவற்றின் பின்னரே வருகின்றது. இவ்வரிசை தற்செயலானதன்று என்றே நான் கருதுகின்றேன். நல்ல சமாரியன் உவமையிலும் அவன் இரங்கினான் என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. அக்கால மருந்துகளான எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுசென்றான், மறுநாட் செலவுக்கும் பணம் கொடுத்தான். கையில் எண்ணெய் இல்லாத சமாரியனை அக்கதை எங்ஙனம் நடத்தியிருக்கும் என்பது சுவையான வினா.

தமிழ் மரபில், நன்மை செய்தற்கண்ணும் அவரவர் இயல்பறிந்து செய்யாவிடிற் குற்றம் உண்டு என்ற கருத்தை வள்ளுவர் வைத்திருப்பது அறத்துப்பாலில் அன்று. பொருட்பாலில், தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்திலாம். பரிமேலழகர் அதனை வேற்று வேந்தர்மாட்டு அரசன் மேற்கொள்ளும் உபாயத்துக்கு உரியதாகக் கொண்டார். அதிகார அமைதி நோக்க அஃது ஏற்புடைத்தே. ஆயினும், அரசனுடைய ஈகைக்கு வேண்டப்படும் ஆராய்ச்சி, தெருவில் நிற்கும் குடிமகனுடைய ஈகைக்கு ஏன் வேண்டப்படலாகாது?

இதுகாறும் கூறியவற்றுக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. உதவிக்கு அறிவை முன்நிபந்தனையாக்கினால், அறியாதார் அனைவரும் ஒதுங்கி நிற்பரன்றோ? பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சம், பிழையினும் பெருந்தீங்கை விளைக்கும். இம்மறுப்பை எளிதிற் புறந்தள்ளல் இயலாது. ஏனெனில் வீழ்ந்து கிடப்பவர் எல்லாரும் மயங்கியவரல்லர். இதயம் நின்றுபோனவரும் அங்ஙனமே வீழ்கின்றார். அவரிடத்திற் பொறுத்திருத்தல் கொலைக்கு ஒப்பாகும். நெஞ்சை அழுத்தும் முயற்சி தொடங்காது கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைத்துவிடுகின்றது. அங்கே அரைகுறையாகச் செய்வதும் செய்யாமையினும் மேல். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை மார்பின் நடுவே வலுவாக அழுத்துவதில் விலாவெலும்பு முறிந்தாலும், முறிந்த எலும்பு பொருந்தும். நின்ற இதயம் தானாக இயங்காது. ஆக, ஒரே தோற்றமுடைய இரு நிலைகளுள் ஒன்று எம்மிடம் மிகச் சிறிய செயலையும், மற்றொன்று மிகப் பெரிய செயலையும் வேண்டி நிற்கின்றது. எது எது என்பதைப் பிரித்தறிய வேண்டியது, கூப்பிட்டால் அசைகின்றாரா, மார்பு இயல்பாக உயர்ந்து தாழ்கின்றதா எனப் பத்துச் செக்கனுக்குள் நோக்கும் ஒரு நோக்கு மாத்திரமே. வெயிலில் நெடுநேரம் கிடந்து, உடல் அனலாய்க் கொதித்து, புத்தி தடுமாறியவரின் நிலையும் வேறு. அவரை நீரால் நனைத்து விரைவாகக் குளிர்வித்து வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். நீரிழிவு நோயாளி, நெஞ்சுநோவுடன் வீழ்ந்தவர், ஓடும்போது வீழ்ந்தவர், ஓரிரு நிமிடத்துள் தெளியாதவர் ஆகியோரும் வைத்தியரிடம் செல்ல வேண்டியோரே. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையுடன் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் எவர்க்கும் இயலும். அதற்கு எந்த வகுப்பும் வேண்டியதில்லை.

ஆகவே மறுப்பாளருக்கு எனது விடை இது. அறியாதவர் ஒதுங்கி நிற்றல் வேண்டும் என்று நான் கூறவில்லை. அறியாதவராகவே இருத்தல் ஒரு நிலைமையன்று, ஒரு தெரிவு என்றே கூறுகின்றேன். பதின்மூன்று ஆண்டு பாடசாலையிலும் பின்னர் நான்கு ஆண்டு பல்கலைக்கழகத்திலும் கற்ற எம்மிற் பலர், மீன் விற்கும் ஒரு பெண் முகாமிற் கற்றதைக் கற்றோமில்லை. காண்டைப் பற்றி அன்று அவ்வரிசையில் எவரேனும் என்னை வினாவியிருந்தால் நான் விடை கூறியிருப்பேன். முதியவரைக் கதிரையில் இருத்தியவர்களுள் நானும் ஒருவன் என்பதை இதுவரை கூறாது வந்தேன். தொங்கிய தலையை நிமிர்த்திப் பிடித்திருந்த கை என்னுடையது.

இனி, விலகிச் செல்வோர் பற்றி. 1973 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில் டார்லி, பற்சன் என்னும் உளவியலாளர் இருவர் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் இறையியற் கல்லூரி மாணவர் நாற்பதின்மரை ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிற்றுரை ஆற்ற அனுப்பினர். அவர்களுட் பாதிப்பேருக்குக் கொடுக்கப்பட்ட பொருள் நல்ல சமாரியன் உவமையே. வழியில் ஒரு வாயிற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி, முனகிக் கிடந்தார். நேரமிருக்கின்றது என்று சொல்லப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் உதவ நின்றனர். பிந்திவிட்டாய் என்று விரட்டப்பட்டோரில் நின்றவர் நூற்றுக்கு 10 பேரே. பேச்சின் பொருளால் விளைந்த வேறுபாடு கணக்கில் எடுக்கத்தக்கதாக இருக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேச விரைந்தவருட் சிலர் கிடந்தவரைத் தாண்டியே சென்றனராம். விரிவுரையாளர்க்கும் மாணவர்க்கும் இதனினும் கசப்பான செய்தி வேறு உண்டோ அறியேன். டார்லியும் லற்றனேயும் 1968 இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், தொலைவில் ஒருவர் வலிப்பால் அவதியுறும் குரலைத் தனித்துக் கேட்டோரில் நூற்றுக்கு 85 பேர் உதவி தேடினர். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்று நம்பியோரில் 31 பேரே தேடினர்.

எமது ஊர்களின் குறை இதற்கு மறுதலையானது என்று சொல்லத் தோன்றும். இங்கே ஒருவர் வீழ்ந்தாற் கூட்டம் கூடுமேயன்றிக் கலையாது. ஆயினும் எப்பொழுதும் அங்ஙனம் இருந்ததில்லை. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில், தெருவிற் கிடக்கும் உடலை அணுகுதல் உயிரையே பணயம் வைக்கும் செயலாக இருந்த நாட்களை இம்மாவட்டத்தின் மூவினத்தாரும் அறிவர். அணுகியவன் சாட்சியாவான், அல்லது சந்தேகநபராவான். அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்களை, பேச்சுக்குப் பிந்திவிடுமென்று தாண்டிச் சென்ற இறையியல் மாணவரோடு ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. எமது ஆற்றலுக்கு உட்பட்ட சாதனங்கள் என்ற காண்டின் நிபந்தனை இருபக்கமும் கூர்மையுடையது. கற்காது விட்டவனைக் குற்றவாளியாக்கும் அதே நிபந்தனை, அஞ்சி நின்றவனை மன்னிக்கவும் செய்கின்றது. ஆனால் அச்சத்துக்குக் காரணமான நிலைமை நீங்கிய பின்னரும், பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டி வருமென்ற தயக்கம் ஒரு பழக்கமாக எஞ்சிவிடுகின்றது. இந்தியாவில் வீதிவிபத்துக்குள்ளானவர்க்கு உதவுவோரைச் சட்டச் சிக்கல்களிலிருந்து காக்கும் பிரிவொன்று 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்க்கப்பட்டமை இத்தயக்கத்தின் வலிமையை உணர்ந்தேயாம்.

பிறிதொரு சிக்கலும் உண்டு. உணர்வற்றவர் எதற்கும் இசைவு தெரிவிக்க இயலாதவர். அவருடைய உடலைத் தொட, உடையைத் தளர்த்த, பையைத் திறந்து பார்க்க எமக்கு என்ன உரிமை? விழித்திருந்தால் அவர் எதனை விரும்பியிருப்பார் என்ற ஊகமே எமக்குள்ள ஒரே ஆணை. நம் சமூகத்தில் இது எளிய காரியமன்று. பேருந்தில் ஒரு பெண் மயங்கினால் ஆண்கள் கைகட்டி நிற்பதும், அவருடைய ஆடையைச் சரிசெய்வதிலேயே பெண்களின் கவனம் முழுவதும் செல்வதும் நாம் காணாதவையல்ல. ஆடை விலகாது காத்தல் அவருடைய விருப்பத்துக்கு உரியதே. எனினும் மூச்சைக் கவனித்த பின்னர். யார் கையால் நீர் அருந்தலாம், யார் தொடலாம் என்றெல்லாம் விதித்திருந்த ஒரு சமூகத்தில், மயங்கிக் கிடந்த வேளையில் மாத்திரமே சிலர் அவ்விதிகளிலிருந்து விடுதலை பெற்றனர். தெளிந்தெழுந்த பின்னர் தூக்கியவர் இன்னார் என அறிந்து முகம் சுளித்தவர்களைப் பற்றி எம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். உதவி பெறுவோருக்கும் ஓர் ஒழுக்கவியல் உண்டு. அது தனியே எழுதப்பட வேண்டியது.

எனினும் இவ்வளவையும் முதலுதவி என்ற எல்லைக்குள் அடக்கிவிட்டால், அம்முதியவர் ஏன் வீழ்ந்தார் என்ற வினா வெளியே நின்றுவிடும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டின் வேறு பகுதிகளில், எரிபொருளுக்காக ஏறத்தாழ நான்கு மணி நேரம் வரிசையில் நின்ற எழுபதும் எழுபத்திரண்டும் வயதுடைய இருவர் வீழ்ந்து உயிரிழந்தனர். எமது வரிசை நின்ற இடத்துக்குச் சில மைல் தொலைவிலேயே சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கவை. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானியரின் வான்தாக்குதலுக்குத் தப்பியவையாக இன்றும் 99 எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பகுதி பல்லாண்டுகளாகப் பயன்படாது காட்டினுள் நிற்க, அவற்றின் அயலிலே ஒரு கான் மண்ணெண்ணெய்க்காக ஒரு முதியவர் வெறுவயிற்றுடன் ஆறு மணி நேரம் நின்றார். குதங்கள் நிறைந்திருந்தால் வரிசை இருந்திராது என்று கூறும் எளிய பொருளியல் எனக்கு உடன்பாடன்று. வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இருக்கவில்லை. ஆனால் வீழ்ந்தவரின் காலை உயர்த்திப் பிடிக்கும் ஒழுக்கவியல், முதியோரையும் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் முன்னே விடு என்று வரிசை தொடங்கும்போதே சொல்லத் துணியாதது ஏன்? வீழும்வரை அவர் எமக்குப் போட்டியாளர். வீழ்ந்த பின்னரே அயலவர்.

அவர் கண் விழித்தபோது கேட்ட முதல் வினா இதனை எனக்கு உணர்த்திற்று. நான் எங்கே கிடக்கிறேன் என்றோ, எனக்கு என்ன நேர்ந்தது என்றோ அவர் கேட்கவில்லை. "என்ர இடம் போட்டுதோ?" என்றுதான் கேட்டார். கேட்டவாறே எழ முயன்றார். தெளிந்தவுடன் எழுந்தால் மீண்டும் வீழ்வார் என்பதை அப்பெண் அறிந்திருந்தார். "கொஞ்சம் கிடவுங்கோ ஐயா. உங்கட கானை நான் பாக்கிறன்" என்று தோளிற் கைவைத்து அமர்த்தினார்.

அதன்பின் நாங்கள் அவரை மதிலோர நிழலுக்கு மெல்ல நகர்த்தினோம். சோடா வாங்கி வந்த இளைஞர், அவர் நன்றாகத் தெளிந்த பின்னர் அதே சோடாவை அவருக்குக் கொடுத்தார். வரிசை நகர்ந்த போதெல்லாம் யாரேனும் ஒருவர் அவருடைய நீலக் கானைக் காலால் முன்னே தள்ளிவைத்தனர். எவரும் எவரையும் ஏவவில்லை. நண்பகல் கடந்து அக்கான் பம்பியை அடைந்தபோது இளைஞர் அவரைக் கைகாட்டி அழைத்தார். அவர் தாமாகவே எழுந்து, மதிலைச் சற்றுப் பிடித்து நின்று, பின்னர் நடந்து வந்து, மடியிலிருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார்.